பன்றிக்குட்டிக்கு வயிற்றோட்டமா? முதலில் வயதைப் பாருங்கள், நிறம் பிறகு

மாரி தொடங்கினால் போதும், திருகோணமலையில் பாலையூற்றிலிருந்து ஈச்சிலம்பற்று வரை பன்றி வளர்ப்பவர்களிடம் ஒரே கேள்விதான் சுற்றிக்கொண்டிருக்கும். "அண்ணை, குட்டி எல்லாத்துக்கும் வயித்தால போகுது, என்ன ஊசி போடுறது?" ஊசி இருக்கட்டும். "எத்தினை நாள் குட்டி தம்பி?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். இரண்டாம் நாள் குட்டியின் வயிற்றோட்டமும் பத்தாம் நாள் குட்டியின் வயிற்றோட்டமும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு, சிலவேளை ஒன்றுக்கு வேலை செய்கிற மருந்து மற்றதில் ஒரு பிரயோசனமும் தராது. அதனால்தான் இதைக் குட்டியின் வயதுப்படியே எழுதுகிறேன். உங்கள் குட்டிக்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டு நேரே அந்த இடத்துக்குப் போங்கள்.

எந்த வயதாக இருந்தாலும் முதல் அரை மணித்தியாலத்தில் செய்ய வேண்டியவை

காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே குட்டி செத்துவிடும். வயிற்றோட்டத்தில் சாகிற குட்டிகளில் பெரும்பாலானவை உடம்பில் தண்ணீர் வற்றியும், குளிர்ந்தும், சீனி இறங்கியும்தான் சாகின்றன. கழுத்துப் பக்கத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விடுங்கள். உடனே மட்டமானால் பரவாயில்லை. கூடாரம் மாதிரி நின்றுகொண்டு மெதுவாக இறங்கினால், கண்ணும் உள்ளே போயிருந்தால், தண்ணீர் நன்றாகக் குறைந்துவிட்டது.

முதலில் சூடு, பிறகுதான் தண்ணீர். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். வாய்க்குள் விரல் வைத்துப் பாருங்கள், வாய் குளிர்ந்திருந்தால் அந்தக் குட்டிக்கு எதையும் பருக்காதீர்கள், அது விழுங்காது, நுரையீரலுக்குள் போய்விடும். பெட்டியில் சாக்கு விரித்து, சுடுதண்ணீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, அது அசைந்து சத்தம் போட்ட பிறகு பருக்குங்கள். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பும் சீனியும் கலந்த தூள்) பைக்கட் எந்தப் பார்மசியிலும் கிடைக்கும், அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்தால் சரி. ஜீவனி இல்லையென்றால் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீட்டருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பைக் கைக்கணக்கில் போட வேண்டாம், கூடினால் அதுவே நஞ்சு. ஊசி கழற்றிய சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கமாக 10 முதல் 15 மில்லிலீட்டர், மெதுவாக, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம், குடிக்கிற குட்டி குடிக்கட்டும். மிச்சக் குட்டிகளுக்கு ஒரு தட்டையான கோப்பையில் அதே கரைசலை வையுங்கள், நாளுக்கு இரண்டு முறையாவது கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

மனிதருக்கு வயிற்றோட்டத்தை நிறுத்தக் கொடுக்கிற குளிசையை உடைத்துக் கரைத்துக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேண்டாம். குடலை இறுக்கி வைத்தால் கிருமியும் நஞ்சும் உள்ளேதான் நிற்கும்.

பிறந்து ஒன்று முதல் நான்கு நாள்: தண்ணீராக, வெளிர் மஞ்சளாகப் போகிறது, வாலடி நனைந்திருக்கிறது

இந்த வயதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈ.கோலை. கொட்டில் நிலத்திலும் தாயின் சாணத்திலும் எப்போதும் இருக்கிற கிருமிதான், ஆனால் அதன் சில வகைகள் குட்டியின் குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரந்து உடம்புத் தண்ணீரையெல்லாம் குடலுக்குள் இழுத்துவிடும். சிலவேளை சாணம் தண்ணீர் மாதிரியே இருப்பதால் நிலத்தில் அடையாளமே தெரியாது, குட்டியைத் தூக்கி வாலுக்குக் கீழே தொட்டுப் பார்த்தால்தான் பிசுபிசுப்பு தெரியும். காலையில் நன்றாக இருந்த குட்டி மாலையில் கிடக்கும்.

மருந்து அன்டிபயோட்டிக்தான். எது என்பதைக் கால்நடை வைத்தியர் சொல்லட்டும், ஏனென்றால் பழைய ஊசிகள் பலவற்றுக்கு இந்தக் கிருமி பழகிவிட்டது. சரி, ஒரு குட்டிக்குத் தொடங்கினால் அந்த ஈற்றுக் குட்டிகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சொன்ன நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும், இரண்டாம் நாள் நின்றுவிட்டது என்று மிச்ச மருந்தை அடுத்த ஈற்றுக்கு எடுத்து வைக்கிற சிக்கனம் அடுத்த முறை கை கொடுக்காது.

ஆனால் உண்மையான கேள்வி, எல்லா இடத்திலும் இருக்கிற கிருமி ஏன் இந்த ஈற்றை மட்டும் பிடித்தது? இரண்டு பதில்தான்: கடும்புப் பால் (குட்டி போட்டதும் தாயில் வருகிற முதல் பால்) போதவில்லை, அல்லது குளிர்.

பன்றிக்குட்டி நோயெதிர்ப்பு ஒன்றும் இல்லாமல்தான் பிறக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும்போது தாயின் இரத்தத்திலிருந்து அது கிடைப்பதில்லை, முழுவதும் கடும்புப் பாலில்தான் வரவேண்டும். அதை உறிஞ்சுகிற வாசல் ஒரு நாள், ஒன்றரை நாளில் மூடிவிடும், முதல் ஆறு மணித்தியாலம்தான் பொன்னான நேரம். ஒரு குட்டிக்கு முதல் நாளில் ஏறக்குறைய 200 முதல் 250 கிராம் கடும்பு போக வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று குட்டி போட்ட தாயில் கடைசியாகப் பிறந்த சின்னதுகளுக்கு இது கிடைக்காது, பெரியதுகள் முன் முலைகளைப் பிடித்துக்கொண்டு விடாது. வயிறு நிறைந்த பெரிய குட்டிகளை ஒரு மணித்தியாலம் ஒரு பெட்டியில் போட்டு மூடிவிட்டுச் சின்னதுகளைக் குடிக்க விடுங்கள், பிறகு மாற்றுங்கள். காசு செலவில்லாத வேலை, ஆனால் முதல் நாள் இரவு நித்திரை போகும்.

தாயையும் பாருங்கள். குப்புறப் படுத்து முலையைக் காட்ட மறுக்கிறதா, மடி சூடாக, கல்லுப்போல இருக்கிறதா, தீனைத் தொடவில்லையா? வெப்பமானியில் 40 பாகைக்கு மேல் காட்டினால் குட்டிகளின் பிரச்சினை தாயின் பிரச்சினைதான். குட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, தாய்க்கு வைத்தியம் வேண்டும்.

அடுத்தது குளிர். இங்கே சொன்னால் சிரிப்பார்கள், திருகோணமலையில் என்ன குளிர் என்று. மாரி இரவில் 24, 25 பாகைக்கு இறங்கும், அது எங்களுக்கு ஒரு போர்வை. பிறந்த குட்டிக்கு வேண்டியது 32 முதல் 35 பாகை. தகரக் கூரையில் தூவானம் அடித்து, சீமெந்து நிலம் ஈரமாக, வாடைக்காற்று கதவுக்குக் கீழே வந்துகொண்டிருந்தால் குட்டிக்கு அது கடும் குளிர்தான், குளிர்ந்த குட்டியின் குடல் அசையாது, பால் குடிக்கவும் எழும்பாது. வெப்பமானி இல்லாவிட்டாலும் குட்டிகள் படுத்திருக்கிற விதமே சொல்லிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் குளிர், பல்பை விட்டு விலகி மூலை மூலையாகக் கிடந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், பக்கத்தில் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தால் சரி. ஒரு மூலையைப் பலகையால் அடைத்து, தாய் நுழைய முடியாத வாசல் விட்டு, உள்ளே காய்ந்த வைக்கோலோ மரத்தூளோ போட்டு, மேலே பல்பைத் தொங்கவிடுங்கள். வயரைத் தாய் கடிக்காத உயரத்தில் கட்டுங்கள். தாயையும் சேர்த்துச் சூடாக்க வேண்டாம், அதற்கு 20 பாகை பக்கம்தான் சுகம், சூடு கூடினால் தீன் குறையும், தீன் குறைந்தால் பால் குறையும். சூடு கூடிய கச்சான் காற்றுக் காலத்தில் குட்டிகள் நன்றாக இருந்தும் பால் போதாமல் மெலிவது இதனால்தான்.

பிறந்து மூன்று நாளுக்குள்: இரத்தமாகப் போகிறது, அல்லது காரணமே தெரியாமல் சாகிறது

இது குளொஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ் என்கிற கிருமி, அதில் சீ வகை. சிவப்பு, கருஞ்சிவப்புத் தண்ணீராகப் போகும், அதற்குள் சதைத் துணுக்குகள் மாதிரி கிடக்கும். நன்றாகக் குடித்துக் கொழுத்த குட்டிதான் பெரும்பாலும் முதலில் விழும். அறிகுறி கண்ட பிறகு மருந்து பெரிதாகப் பலன் தருவதில்லை, குடல் ஏற்கனவே அழுகியிருக்கும், ஒரு நாளில் முடிந்துவிடும். இன்னும் நோய் தொடங்காத குட்டிகளைக் காப்பாற்றத்தான் வைத்தியரை உடனே அழைக்க வேண்டும். இந்தக் கிருமி வித்தாக மாறி மண்ணிலும் சுவரிலும் நெடுநாள் கிடக்கும், அதனால் ஒருமுறை வந்த கொட்டிலில் அடுத்த ஈற்றிலும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாய்க்குக் குட்டி போட ஐந்து ஆறு கிழமைக்கு முன்னும் இரண்டு மூன்று கிழமைக்கு முன்னும் போடுகிற தடுப்பூசிகள் இருக்கின்றன, ஈ.கோலைக்கும் சேர்த்தே வருபவையும் உண்டு. இப்போது கையிருப்பில் என்ன இருக்கிறது என்று கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள், தாய் சினையாக இருக்கும்போதே கேளுங்கள்.

பிறந்து இரண்டு மூன்று நாள்: சாணமே இல்லை, வயிறு ஊதுகிறது

இதைப் பலர் வாயு என்று நினைத்து வீட்டு மருந்து கொடுப்பார்கள். வாலைத் தூக்கிப் பாருங்கள். மலவாயே இல்லாமல் பிறந்த குட்டியாக இருக்கலாம். பெட்டைக் குட்டியானால் சிலவேளை முன்வழியாகச் சாணம் கசிந்து ஓரளவு வளரும், கடுவன் குட்டிக்கு வழியே இல்லை, வைத்தியர் அறுவை செய்தால்தான் உண்டு. ஒரு ஈற்றில் இரண்டு மூன்று குட்டி இப்படி வந்தால் அந்தக் கடுவனையும் தாயையும் மறுபடி சேர்க்காதீர்கள், பரம்பரையிலும் வரும். குட்டி பிறந்த அன்றே எல்லாவற்றின் வாலையும் தூக்கிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

ஐந்து முதல் பதினைந்து நாள்: மஞ்சளாக, பசையாக, ஊசி போட்டும் நிற்கவில்லை

ஊசியை மாற்றி மாற்றிப் போட்டும் நிற்காத வயிற்றோட்டம், குட்டி ஏழெட்டு நாள், சாவு அதிகம் இல்லை, ஆனால் மயிர் சிலிர்த்து, முதுகெலும்பு தெரிந்து, ஒரே ஈற்றில் பாதி பெரிதும் பாதி சின்னதுமாக நிற்கிறது. இந்த விபரம் கேட்டவுடன் என் மனதில் வருவது கொக்சிடியா. முதலில் வெண்மஞ்சள் களிம்பாகத் தொடங்கி, பிறகு இளகி, குட்டிகளின் பின்பக்கத்திலும் பல்ப் மூலைப் பலகையிலும் அப்பிக்கொண்டு காயும், புளித்த பால் மணம் வரும். இது பக்டீரியா இல்லை, குடலுக்குள் புகுகிற ஒட்டுண்ணி, அன்டிபயோட்டிக் ஊசிக்கு அசையவே அசையாது.

இதற்கான மருந்து டொல்ட்ராசுரில், வாய் வழியாக ஒரே ஒரு தரம், ஒரு கிலோ நிறைக்கு 20 மில்லிகிராம். 5 சதவீதக் கரைசல் என்றால் கிலோவுக்கு 0.4 மில்லிலீட்டர். போத்தலில் சதவீதத்தைப் பாருங்கள், கோழிக்கு விற்கிறது பெரும்பாலும் 2.5 சதவீதம், அளவு இரட்டிப்பாகும். முக்கியமான விடயம் நாள்: மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், வயிற்றோட்டம் தொடங்குவதற்கு முன்பே. பத்தாம் நாளில் கொடுத்தால் குடல் சேதம் முடிந்த பிறகு கொடுத்ததாக இருக்கும். அதனால் இப்போது நோய் கண்ட ஈற்றைவிட அடுத்த ஈற்றுக்குத்தான் அது உதவும். மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி போடும்போதே சேர்த்துச் செய்துவிட்டால் மறக்காது. (இரும்பு ஊசியை விட்டுவிடாதீர்கள். குட்டிக்கு நாளுக்கு 7 முதல் 10 மில்லிகிராம் இரும்பு வேண்டும், தாய்ப்பாலில் வருவது ஒரு மில்லிகிராம் அளவுதான். சீமெந்துக் கொட்டிலில் மண்ணைக் கிண்ட வழியில்லாத குட்டி இரண்டாம் கிழமையில் வெளிறி, மூச்சு வாங்கி, லேசாக வயிற்றோட்டமும் போகும். 200 மில்லிகிராம், கழுத்துத் தசையில்.)

கொக்சிடியாவைக் கொட்டிலிலிருந்து எடுப்பதுதான் கஷ்டம். அதன் முட்டைக்குக் குளோரின் தூள் ஒன்றும் செய்யாது. எங்கள் சூட்டுக்கும் மாரி ஈரத்துக்கும் அது ஒரு நாளிலேயே பழுத்துத் தொற்றத் தயாராகிவிடும். சாணத்தை அன்றாடம் சுரண்டி எடுங்கள். குட்டிகளைப் பிரித்துக் கொட்டில் வெறுமையானதும் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கொதிதண்ணீர் ஊற்றியோ காஸ் டோர்ச்சால் நிலத்தைச் சுட்டோ, பிறகு வெடிப்பெல்லாம் அடைபடுகிற மாதிரிச் சுண்ணாம்பு பூசி, சில நாள் வெயில் படக் காயவிடுங்கள். சாணத்துக்கு மேலே மருந்து தெளித்தால் அது மருந்துக்குச் செலவு, அவ்வளவுதான்.

இதே வயதில் வயிற்றோட்டம் வந்து, டொல்ட்ராசுரிலும் ஒழுங்காகக் கொடுத்திருந்தால், நூல்புழுவையும் நினையுங்கள். தாயின் பால் வழியாகவே குட்டிக்குப் போகும். தாய்க்குக் குட்டி போட ஒன்றிரண்டு கிழமைக்கு முன் ஐவர்மெக்டின் கொடுப்பதுதான் வழி.

ஒரு கிழமைக்கு மேல்: தண்ணீராக, திரைந்த பால் துணுக்குகளோடு, சிலவேளை வாந்தியும்

ரோட்டா வைரஸ் இப்படித்தான். மூன்று நாலு நாளில் தானாகக் குறையும், ஜீவனியும் சூடும்தான் வைத்தியம், பின்னால் ஈ.கோலை சேர்ந்தால் மட்டும் ஊசி. ஆனால் ஒரே இரவில் எல்லா ஈற்றும் சேர்ந்து வாந்தியெடுத்து, தாய்ப்பன்றிகளுக்கும் வயிற்றோட்டம் போய், ஒரு கிழமைக்குட்பட்ட குட்டிகள் வரிசையாகச் சாகின்றன என்றால் கதை வேறு. அது கொரோனா வகை வைரஸ் குடல் நோய்களாக இருக்கலாம். கொட்டிலை மூடுங்கள், யாரும் வரவேண்டாம், நீங்களும் இன்னொருவரின் கொட்டிலுக்குப் போகவேண்டாம், வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

பால் மறந்த பிறகு: மூன்று முதல் பத்து நாளில் வயிற்றோட்டம்

தாயை விட்டுப் பிரிந்த குட்டி முதல் நாள் ஒன்றும் தின்னாது, இரண்டாம் நாள் பசியில் கண்டபடி தின்னும், செரிக்காத புரதம் குடலில் தேங்கி ஈ.கோலைக்கு விருந்தாகும். நாளுக்கு ஐந்து ஆறு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பில்லாமல் குழைய வடித்த சோறு இந்த நேரத்தில் நல்லது, தேங்காய்ப் புண்ணாக்கைக் கூட்ட வேண்டாம், அதிலும் மாரியில் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். இரண்டு கிழமை வயதிலிருந்தே குட்டித் தீனைக் கொஞ்சமாக நக்கப் பழக்கியிருந்தால் இந்தப் பிரச்சினை பாதியாகக் குறையும். நாலு கிழமைக்கு முன் பிரிக்காதீர்கள்.

சரி, இதே நாட்களில் கொழுகொழு என்று நின்ற நல்ல குட்டி காலையில் கண் இமை வீங்கி, குரல் கரகரத்து, குடித்தவர் மாதிரித் தள்ளாடினால்? வயிற்றோட்டம் இல்லாமலும் இருக்கும். அது ஈ.கோலை நஞ்சால் வருகிற வீக்க நோய். விழுந்த குட்டி தப்புவது அரிது, மிச்சத்துக்கு அன்றைக்கே தீனைப் பாதியாக்கித் தவிட்டைக் கூட்டுங்கள். ஆனால் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடிய ஒன்று நம் கரையோரத்தில் உண்டு: உப்பு. நிலாவெளி, சல்லிப் பக்கக் கிணறுகள் கச்சானில் உவர்க்கும், அதோடு கருவாட்டுக் கழிவும் ஹோட்டல் கறிச் சோறும் தின்று, குடிதண்ணீரும் ஒரு நாள் வற்றிவிட்டால் குட்டி சுவரில் தலையை முட்டி, பின்னுக்குச் சாய்ந்து வலிப்பெடுக்கும். இமை வீங்காது. தண்ணீரைக் கண்டதும் ஒரேயடியாகக் குடிக்க விடாதீர்கள், மூளை வீங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, மணித்தியாலத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர்.

ஆறு கிழமைக்கு மேல் சளியும் இரத்தமும் கலந்து போனால் பன்றி வயிற்றளைச்சல் அல்லது சாட்டைப்புழு, சாணத்தைச் சோதித்தால்தான் எது என்று தெரியும்.

காதும் வயிறும் ஊதாவாகிறது, காய்ச்சல், பிறகு வயிற்றோட்டம்

இங்கே வீட்டு வைத்தியம் முடிகிறது. சல்மொனெல்லாவாக இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும், கை கழுவாமல் பிள்ளைகளைத் தூக்க வேண்டாம். பன்றிகளுக்கே வருகிற பழைய பன்றிக் காய்ச்சலாக (கிளாசிக்கல் சுவைன் பீவர்) இருக்கலாம். 2024 கடைசியில் இலங்கையில் உறுதிப்படுத்தப்பட்ட ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலாகவும் இருக்கலாம், அதற்கு மருந்தில்லை, மனிதருக்கு அது வராது. கண்ணால் பார்த்து இந்த மூன்றையும் யாராலும் பிரிக்க முடியாது. குட்டி மட்டும் இல்லாமல் பெரிய பன்றிகளும் தீனை விட்டுப் படுத்தால் சந்தேகம் இன்னும் கூடும். ஹோட்டல் மிச்சச் சாப்பாடு எடுப்பவர்கள் அதை அரை மணித்தியாலம் கொதிக்க வைக்காமல் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள், அதில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று கிடந்தாலே போதும்.

வைத்தியருக்கு மாதிரி கொண்டுபோவதானால் இன்னும் மருந்து போடாத, இப்போதுதான் கழியத் தொடங்கிய குட்டியின் சாணத்தை எடுங்கள். சுத்தமான சின்னப் போத்தலில் போட்டு, மீன்காரரிடம் வாங்கிய ஐஸோடு ரெஜிபோம் பெட்டியில் வையுங்கள், உறைய விடக்கூடாது. கழிச்சலோடு செத்த குட்டி என்றால் அதே நாளில் போய்ச் சேர வேண்டும், நேற்றுச் செத்ததை அறுத்துப் பார்த்துப் பயனில்லை, எங்கள் சூட்டில் குடல் முதலில் பழுதாகிவிடும். வயது, எத்தனை குட்டியில் எத்தனைக்கு, தாய்க்கு என்ன, இதுவரை என்ன மருந்து, இவ்வளவையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். ஆனால் காதும் வயிறும் ஊதாவான குட்டி என்றால் பெட்டியும் வேண்டாம், போத்தலும் வேண்டாம். தொலைபேசியில் சொல்லி அவரையே வரச் சொல்லுங்கள். செத்ததை அறுக்கவோ கடலிலோ குளத்திலோ போடவோ வேண்டாம். அவர் வந்து பார்க்கும்வரை அந்தக் கொட்டிலிலிருந்து ஒன்றும் வெளியே போகக் கூடாது, விற்பனைக்கும் இல்லை, இறைச்சிக்கும் இல்லை.